இடது பெட்டிக்குப் போட்ட பாலிஷ்

மார்ச் 4

தம்பிக்கு,

அன்றைக்கு உன் வீட்டுக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லவே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் நூலகத்துச் செயலாளர். நீ செய்த ஸ்பீக்கர் பெட்டி எப்படிப் பாடுகிறது என்று கேட்டுச் சொல்வதற்காக அவர் கூட்டிவந்த ஒலிப்பதிவுக்காரர், காலை நீட்டிக்கொண்டு சோபாவில். கதவோரம் நின்றவர் என் முதலாளி, மேசை நாற்காலிக் கடைக்காரர். முந்தின நாள் பெட்டிகளையும் அன்றைக்கு என்னையும் தன் வேனில் கொண்டுவந்து இறக்கியவர். உன் மகள், மடியில் கைக்குழந்தை. சமையலறை வாசலில் ஈரக் கையோடு உன் பொண்டாட்டி. ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் முட்டி போட்டுக்கொண்டு நீ. உனக்குப் பின்னால் நான். இவ்வளவு பேர்தான். குழந்தைக்கு எதுவும் நினைவிருக்காது. மற்றவர்கள் தப்ப முடியாது.

பாட்டைப் போட்டாய். வலது பெட்டி கணீரென்று பாடியது. இடது பெட்டி தொண்டை கட்டினவன் மாதிரி இழுத்தது. மேளத்தின் அடிச்சத்தம் ஒரு பக்கம் இருக்கிறது, இன்னொரு பக்கம் இல்லை. பாட்டே நொண்டியது. செயலாளர் தரையைப் பார்த்தார். நீ எழுந்தாய். என்னைக் கையால் காட்டிச் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன்:

"நான் செஞ்சப்போ நல்லாத்தான் பாடுச்சு. இவதான் பாலிஷ் பாலிஷ்னு மரத்தோட மூச்சையே அடைச்சுட்டா. இடது பெட்டிக்கு இன்னும் கூடப் போட்டாளாம், அவளே சொன்னா!"

அக்கா என்றுகூட இல்லை. இவள்.

ஆமாம், கூடத்தான் போட்டேன். இடது பெட்டியின் மேல்தோல் தாகம் பிடித்த மரம், போடப் போடக் குடித்தது. விட்டிருந்தால் இரண்டும் இரண்டு நிறமாக நின்றிருக்கும். அதைப் பெருமையாகச் சொன்னேன். அதையே என் கழுத்துக்குக் கயிறாக்கினாய்.

செயலாளர், ஒலிப்பதிவுக்காரர் முகத்தைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கி "இருக்கலாம்" என்றார். என் முதலாளி அதையும் கேட்டார். நூலகத்து வாசிப்பு மேசைகள் அத்தனைக்கும் என் கை பாலிஷ்தான் என்று பேசியிருந்தவர், மறுநாள் கடைக்குப் போனதும் "கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்கம்மா" என்கிறார். மேசைகளை ஸ்ப்ரே அடிக்கிறவனிடம் கொடுத்துவிட்டார். என் புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளை வளர்த்தது இந்தக் கை. இந்தக் கை கெடுத்துவிட்டது என்று ஊர் பேச நான் சாக மாட்டேன்.

பெட்டியின் அளவை எழுதி அனுப்பு. அதே மாதிரி ஒன்று நான் செய்யப் போகிறேன். பாலிஷ் போடாமல் ஒரு தடவை கேட்பேன், போட்டு ஒரு தடவை கேட்பேன். குற்றவாளி யாரென்று பெட்டி சொல்லட்டும்.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். போனில் சொன்னதை நீ மறுநாள் சொல்லவே இல்லை என்பாய். எழுதினால் நிற்கும்.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லார் முன்னாலும் சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். சொன்ன விஷயம் தப்பில்லை.

ரேடியோ பழுது பார்த்தே தலை நரைத்தவன் நான். ஒரு சாதனம் நேற்று நன்றாக இருந்து இன்று கெட்டுப்போனால் என்ன கேட்க வேண்டும்? இடையில் அதற்கு என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். இரண்டு பெட்டிகளையும் வெறும் மரமாக வைத்து இதே கூடத்தில் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பாடின. பிறகு உன்னிடம் வந்தன. பாலிஷோடு திரும்பின. இடது பெட்டிக்கு அதிகம் போட்டாய், இடது பெட்டிதான் கெட்டது. இதில் நான் எங்கே தப்பாக யோசித்தேன், சொல்.

உனக்கு மட்டுமா நஷ்டம்? நூலகத்தில் கேட்பறை ஒன்று திறக்கிறார்கள். வருகிறவர்கள் உட்கார்ந்து பாட்டு கேட்க, கடையில் வாங்கியதை வைக்காமல் கையால் செய்ததை வைப்போம் என்று செயலாளரைச் சம்மதிக்க வைக்க நான் எத்தனை நாள் அந்தப் படி ஏறினேன் என்று உனக்குத் தெரியாது. இப்போது அவர் மே மாதம் திறப்பதற்குள் கடைச் சாமானே வாங்கிவிடலாம் என்கிறார். பெட்டிகளைப் போர்வையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டேன். இனிமேல் அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

இந்த வயதில் ரம்பத்தைப் பிடித்துக் கையை வெட்டிக்கொள்ளாதே. அளவு தர மாட்டேன்.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

தராவிட்டால் போ. உன் பெட்டி என் கையில் இருக்கிறது.

ஒரு பெட்டியைப் பாலிஷ் போடுகிறவள் அதைப் பார்ப்பதில்லை, தடவுகிறாள். உயரம் என் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, அதற்கு மேல் நாலு விரல். அகலம் ஒரு சாண், கட்டைவிரலை மடக்கினால் சரியாக இருக்கும். ஆழம் ஒன்றரைச் சாண். முன்பக்க விளிம்பை நீ உருட்டியிருந்தாய், வலது கீழ் மூலையில் உன் இழைப்புளி ஒரு இடத்தில் துள்ளியிருந்தது. அதையும் வேண்டுமானால் அப்படியே செய்துவிடுகிறேன்.

எங்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் தச்சர் பலகையை அறுத்துக் கொடுத்தார். "எதுக்கும்மா, கோழிக்கூடா?" என்றார். "இல்ல, சாட்சிக்கூண்டு" என்றேன். சிரிப்பார் என்று பார்த்தால் அளவை இன்னொரு தடவை சரிபார்த்துக்கொண்டு அறுத்தார். நல்ல மனுஷன்.

பெரிய ஸ்பீக்கரும், சின்ன ஸ்பீக்கரும், இரண்டுக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் அந்தச் சின்னப் பலகையும் கடைத்தெருவில் கிடைத்தன. நீ வாங்கினது என்ன ரகம் என்று கடைக்காரன் கேட்டான். நீ வாங்கிவந்த அன்று காட்டினாயே, காந்தத்தின் முதுகில் ஒட்டியிருந்த அந்த இங்கிலீஷ் எழுத்துகளை எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் படமாக வரைந்து காட்டத் தெரியும். வரைந்தேன். எடுத்துக் கொடுத்தான். என் படிப்பு மூன்றாம் வகுப்போடு ஏன் நின்றது என்று உனக்கு நினைவிருக்கிறதா? நீ பிறந்தாய், அம்மா வேலைக்குப் போனாள், இடுப்பில் உன்னை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போக முடியுமா? உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. நீ அப்போதே கனம்.

வயர் சேர்ப்பதற்குக் கீழ்வீட்டில் போன் ரிப்பேர் பார்க்கும் பெண் வருகிறாள். என் மாப்பிள்ளை நேற்று வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அத்தை, இவ்வளவு கஷ்டம் எதுக்கு? நான் ஒரு ரேடியோ வாங்கித் தரேனே" என்றார். "மாப்பிள்ளை, ரேடியோ பேசும். இது சாட்சி சொல்லணும்" என்றேன். என் மகள் உள்ளேயிருந்து, "நீங்க எதுக்குங்க அம்மாகிட்ட வாய கொடுக்கறீங்க" என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பசை போடுகிறேன். நீ பரணைப் பார்த்துக்கொண்டு உட்கார்.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது, அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதே.

பலகைகள் சேருகிற இடத்தில் வெளியே பசை போட்டால் போதாது. உள்ளே விரலை விட்டு மூலைக்கு மூலை தடவு. நூலிழை இடைவெளி இருந்தாலும் காற்று அதன் வழியாகச் சீழ்க்கை அடிக்கும். இறுக்கிப் பிடிக்கிற கிளாம்புகளை ஒரு நாள் முழுக்கக் கழற்றாதே. உனக்குப் பொறுமை கிடையாது, எனக்குத் தெரியும். ஸ்பீக்கரைத் திருகும்போது வட்டமாகத் திருகிக்கொண்டே போகாதே, எதிரெதிர் திருகாணியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. கையில் வாங்கியதும் எல்லாரும் செய்கிற மாதிரி அதன் நடுவில் இருக்கும் காகிதக் கூம்பைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்காதே. அந்தப் போன் பெண்ணுக்கும் சொல். உள்சுவரில் பஞ்சை மெத்தை மாதிரி திணிக்கக் கூடாது, போர்வை மாதிரி ஒட்ட வேண்டும். பெரிய ஸ்பீக்கருக்குப் பின்னால் மூச்சு விட இடம் வேண்டும்.

விரோதி கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பேன். மரத்தை வீணாக்கப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்தால் என் வீட்டுக்காரி, "அண்ணி என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்கிறாள். படித்துக் காட்டினால் முதலாளி உன்னை வீட்டில் உட்காரச் சொன்ன இடம் வந்ததும் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. நம் சண்டை அவளைத்தான் தின்கிறது. இதையாவது கொஞ்சம் யோசி.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

நேற்று பெட்டியைப் பாட வைத்தோம். நான், என் மகள், மாப்பிள்ளை, தச்சர், போன் பெண், சத்தம் கேட்டு இறங்கிவந்த மாடிவீட்டுத் தையல்காரி. பசை நீ சொன்னபடிதான். கிளாம்பை ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் கழற்றவில்லை. என் பொறுமையைப் பற்றி இன்னொரு தடவை எழுதாதே.

அதே பாட்டைப் போடச் சொன்னேன். முதல் மேளம் விழுந்ததும் காதைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அன்றைக்கு உன் இடது பெட்டி இழுத்ததே, அதே இழுப்பு. அதே வறட்சி. பாடுகிறவள் வாய் மட்டும் இருக்கிறது, வயிறு இல்லை. எத்தனை குரலுக்கு நடுவில் விட்டாலும் அந்தக் குரலை நான் அடையாளம் சொல்லுவேன். அந்தக் குரலால்தானே எனக்கு வேலை போயிற்று.

தையல்காரி, "நல்லாத்தானே இருக்கு பெரியம்மா" என்றாள். "உனக்கு நல்லா இருக்கும். என் தம்பிக்கு இது வேணும்" என்றேன்.

என்ன எழுதுகிறேன் என்று புரிகிறதா? என் பெட்டியில் ஒரு சொட்டு பாலிஷ் கிடையாது. உப்புத்தாள் தேய்த்ததோடு நிற்கிற வெள்ளை மரம். மூச்சை அடைக்க அதன் மேல் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அதே மாதிரி கெட்டுப் பேசுகிறது. அப்படியானால் கெடுத்தது பாலிஷா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உன் பெட்டி கோணல், என் கூடத்தைக் குறை சொன்னாய்.

இப்போது என்ன சொல்கிறாய்? எழுது.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்று ஒரு தடவை, உள்ளே வந்து ஒரு தடவை படித்தேன். உனக்குச் சரியான பதில் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பிறகு நீ எழுதிய எல்லாக் கடிதங்களையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். உயரம் இருக்கிறது, அகலம் இருக்கிறது, ஆழம் இருக்கிறது, என் இழைப்புளி துள்ளியதுகூட இருக்கிறது. ஒன்று இல்லை.

ஒரே கேள்வி கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல். பின்பலகையில் ஓட்டை போட்டாயா?

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

"எந்த ஓட்டை?" என்று நான் கேட்டது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

முதுகை யார் பாலிஷ் போடுவார்கள்? முதுகு சுவரைப் பார்த்து நிற்பது. அலமாரியானாலும் சரி, உன் பெட்டியானாலும் சரி, பின்பலகைக்கு மரத்துளையை அடைக்கிற சீலர் ஒரு கை தடவிவிட்டு நிமிர்த்தி வைத்துவிடுவேன். உன் பெட்டிக்கு அதுகூட வேண்டாம் என்று நீதான் சொன்னாய், பின்பக்கம் முழுக்கக் காகிதம் ஒட்டித்தான் அனுப்பினாய். அதன் அடியில் என்ன இருந்தது என்று என் கைக்கு எப்படித் தெரியும்? கை போகாத இடம் கைக்கு நினைவில்லை.

போன் பெண்தான் விளக்கினாள். பெரிய ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது பின்னாலும் காற்றைத் தள்ளுகிறது, அந்தக் காற்று பின்பலகை ஓட்டையில் ஒரு குழாய் வழியாக வெளியே வந்தால்தான் அடிச்சத்தம் நிறையும் என்றாள். தச்சர் வட்டமாக ஓட்டை போட்டார். கடைத்தெருவில் கறுப்புக் குழாய் வாங்கிப் பொருத்தினோம். பாட்டைப் போட்டுவிட்டு உள்ளங்கையைப் பின்னால் வைத்தேன். தம்பி, ஒவ்வொரு மேளத்துக்கும் ஒரு மூச்சு. தூங்குகிற மாட்டின் மூக்குக்கு எதிரே கை வைத்த மாதிரி. பெட்டி வயிற்றிலிருந்து பாடியது. மாப்பிள்ளை தினசரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவர் தினசரியைக் கீழே வைத்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு பாலிஷ் போட்டேன். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிக்குள் பஞ்சை முடிந்து, எட்டுப் போட்ட மாதிரி வளைத்து வளைத்து. ஒரு பூச்சு காய்ந்ததும் பழைய உப்புத்தாளால் ஒரு தடவு, துடைத்து மறுபடி ஒரு பூச்சு. கை ஒட்ட ஆரம்பித்தால் ஒரு துளி எண்ணெய். உன் இடது பெட்டிக்குப் போட்டதைவிட அதிகம் போட்டேன், வேண்டுமென்றே. ஜன்னல் கம்பிகள் அதில் தெரிகிற வரைக்கும் போட்டேன். ஒவ்வொரு நாள் பூச்சு முடிந்ததும் பாட்டைப் போட்டுக் கேட்டேன். முதல் நாள் எப்படிப் பாடியதோ கடைசி நாளும் அப்படியே. பாலிஷ் மரத்துக்கு மேல் உட்காருகிறது, பாட்டுக்கு மேல் இல்லை.

இனிமேல் உன் முறை. ஓட்டை இல்லாத பெட்டி எந்தக் குரலில் பேசுகிறது என்று எனக்கு இப்போது தெரியும். அது உன் இடது பெட்டியின் குரல். அதில் ஓட்டை இருப்பதால்தானே என்னைக் கேட்டாய். அப்படியானால் அதற்குள் ஏதோ இருக்கிறது. பரணில் ஏறு. பெட்டியை இறக்கு. கையை விட்டுப் பார். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதே, அப்படியே போட்டுவிட்டுப் போ.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

இறக்கினேன். கையை விட்டேன். விரலில் துணி தட்டியது. இழுக்க இழுக்க வந்தது. என் பேரப்பிள்ளையின் மஞ்சள் போர்வை, நான்காக மடித்து, குழாயைத் தாண்டி உள்ளே தள்ளியிருந்தது. நிமிர்ந்தால் வாசலில் என் வீட்டுக்காரி. போர்வையைப் பார்த்தாள், கிட்டே வந்து அதைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நான்தாங்க. மத்தியானம் குழந்தைய தூங்க வச்சா நீங்க டும் டும்னு ஆரம்பிச்சுடுவீங்க. இடது பெட்டிக்குப் பின்னால சுவரு, சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டில். பெட்டிங்க பாலிஷுக்குப் போனப்புறந்தான் ஒழுங்காத் தூங்குச்சு. திரும்ப வந்துடுச்சேன்னு நீங்க வயர் வாங்கப் போன நேரத்துல அடைச்சேன். ராத்திரி எடுத்துடலாம்னுதான் நெனச்சேன். மறுநாள் ஆளுங்க வர்ற அவசரத்துல மறந்தே போயிடுச்சு. நீங்க அண்ணியக் காட்டிக் கத்தினீங்க பாருங்க, அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. எல்லார் முன்னாலயும் சொல்லப் பயந்துட்டேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் அது இன்னும் பெருசாயிடுச்சு."

வயர் வாங்கிவந்த அன்று குழந்தை தூங்குகிறதே என்று நானும் மெதுவாக வைத்து, வயர் பிடித்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். முழுச் சத்தம் வைத்தது எல்லாரும் வந்த பிறகுதான். இது என் பிழை. முதலில் இதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

அதே ஆட்களை நேற்று மறுபடி கூப்பிட்டேன். உன் முதலாளியையும். நான் சொல்லிக்கொள்கிறேன், நீ சமையலறையிலேயே இரு என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. பாட்டு போடுவதற்கு முன்னால் அவளே நடுக் கூடத்துக்கு வந்து நின்றாள். "அன்னிக்குப் பெட்டிய கெடுத்தது அண்ணி பாலிஷ் இல்ல. நான். இந்தப் போர்வைய வச்சு நான் அடைச்சேன்" என்று போர்வையைத் தூக்கிக் காட்டினாள். முழுசாகச் சொல்லி முடித்தாள். நானும் எழுந்து, "என் அக்காவ நான் தப்பாச் சொன்னேன்" என்றேன். அக்கா என்றுதான் சொன்னேன்.

பிறகு பாட்டு. இரண்டு பெட்டியும் சேர்ந்து பாடியதும் செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். கேட்பறைக்கு இவைதான் என்று முடிவாகிவிட்டது. உன் முதலாளி ரொம்ப நேரம் பெட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். ஸ்ப்ரே அடித்த மேசையில் தூசி படிந்து புல்லரித்த தோல் மாதிரி இருக்கிறதாம், உன்னைக் கூப்பிட வெட்கப்படுகிறார்.

இதில் ஒரு வேடிக்கை கேள். ஒலிப்பதிவுக்காரர் சிரித்துக்கொண்டே, "எனக்கு அன்னிக்கே தெரியும் சார். பாட்டு ஓடும்போது ரெண்டு பெட்டிக்குப் பின்னாலயும் கை வச்சுப் பார்த்தேன். வலதுல காத்து வந்துச்சு, இடதுல வரல. எதையோ அடைச்சிருக்காங்கன்னு புரிஞ்சு போச்சு. செஞ்சவரே கண்டுபிடிக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார். எல்லாரும் அசந்துபோனோம். என்ன கூர்மை பார் அந்த மனுஷனுக்கு! இனி எந்தப் பெட்டி செய்தாலும் முதலில் அவர் காதில்தான் போடப் போகிறேன்.

நான் பேசியதை மன்னித்துவிடு. என் வீட்டுக்காரி உனக்குத் தனியாக எழுத நினைக்கிறாள், பயப்படுகிறாள்.

தம்பி


மே 6

தம்பிக்கு,

மேசைகள் நேற்றே என்னிடம் வந்துவிட்டன. ஸ்ப்ரே அடித்ததை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். கை மணிக்கட்டு வரைக்கும் அரக்கு. கழுவாமல்தான் எழுதுகிறேன், தாளில் கறை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் வீட்டுக்காரியிடம் சொல், பயப்பட ஒன்றுமில்லை. குழந்தை தூங்க வேண்டும் என்று கையில் கிடைத்ததை வைத்து அடைத்தவளை நான் எதற்குக் கோபிக்க வேண்டும்? நானாக இருந்தால் உன் வாயையும் சேர்த்து அடைத்திருப்பேன். இரண்டு மாதம் தொண்டையில் முள்ளோடு உனக்குச் சோறு போட்டிருக்கிறாள். யாரும் கேட்காமல் நடுக் கூடத்தில் நின்று சொன்னாளே, அந்தத் துணிவு நம் வீட்டில் பிறந்த யாருக்கும் கிடையாது. சனிக்கிழமை பஸ் ஏறி இங்கே வரச் சொல். நான் செய்த பெட்டியை அவள் கேட்க வேண்டும்.

என் முதலாளியை மன்னித்தாயிற்று. கடை நடத்துகிறவர், காதில் விழுந்ததை வைத்து முடிவெடுத்தார். நேரில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார், போதும். செயலாளருக்கு மரமும் தெரியாது, சத்தமும் தெரியாது. தெரிந்தவரைக் கேட்டார். அதில் தப்பில்லை.

உன்னை எப்போது மன்னித்தேன் என்று உனக்குத் தெரியாது. மூலைக்கு மூலை விரலால் பசையைத் தடவு என்று எழுதினாயே, அன்றைக்கே. என்னைத் தோற்கடிக்க நினைக்கிறவன் அதை எழுதியிருக்க மாட்டான். இவள் என்று சொன்னதை மறக்க மாட்டேன். மறப்பது வேறு, மன்னிப்பது வேறு. நீ அறியாமல் பேசினாய்.

அந்த மனுஷன் அறிந்து பேசினார். அன்றைக்கு அவர் சோபாவிலிருந்து எழுந்துபோய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் கை வைத்ததை நானும்தான் பார்த்தேன். சூடாகிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். உள்ளங்கையில் காற்றில்லை என்று தெரிந்துகொண்டு வந்து உட்கார்ந்தார். நீ என்னைக் காட்டிக் கத்தினாய். பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் கேட்டார். இருக்கலாம் என்றார். "உள்ளே கைவிட்டுப் பாருங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் அன்றைக்கே சிரித்துக்கொண்டு போர்வையை உருவி எடுத்திருப்பாள். நீ பரணைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்க மாட்டாய். என் மேசைகளை ஒருவன் பாழாக்கியிருக்க மாட்டான். மூன்று பேர் வெந்ததை அவர் காலை நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். இரண்டு மாதம் கழித்து வந்து அதைத் தன் திறமை என்று சொல்கிறார், நீ அசந்துபோகிறாய்.

அடுத்த பெட்டியை அவர் காதில் போடுவதானால் பாலிஷுக்கு என்னிடம் கொண்டுவராதே. கேட்பறை பொது இடம், அவர் வந்து உட்காரட்டும், கேட்கட்டும், நான் தடுக்க முடியாது. நானும் வருவேன், என் நாற்காலியில் உட்காருவேன். யாராவது எங்களை அறிமுகம் செய்துவைக்க வந்தால் எழுந்திருக்க மாட்டேன். மற்ற எல்லாரையும் மன்னித்தாயிற்று. அந்த ஒலிப்பதிவுக்காரனை மாட்டேன்.

அக்கா